நெஞ்சின் ஓசை எவர் உடைமை?

நெஞ்சைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. நெஞ்சறியப் பொய் சொல்லாதே என்கிறோம். நெஞ்சுரம் வேண்டும் என்கிறோம். இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்று ஏசுகிறோம். காதலன் தன் காதலியை அங்கே குடிவைத்தான். பக்தன் தன் ஆண்டவனை அங்கே குடிவைத்தான். புலவனோ இருவருக்கும் பொதுவாக அதனை மலரென்றான், மாளிகையென்றான், கோயிலென்றான். உள்ளே இருப்பது ஒரு பிடியளவு தசை! நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை சுருங்கி விரியும் தசை. அது ஓசை எழுப்புகிறது. கோளாறு நேர்ந்தால் அந்த ஓசை மாறுகிறது. பாடியவர் பல்லாயிரவர், காது கொடுத்துக் கேட்டவர் மிகச் சிலர்.

கேட்டவர்க்கும் ஒரு தொல்லை இருந்தது. தாம் கேட்டதைப் பிறருக்குக் காட்டுவது எப்படி? கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். வேரையும் இலையையும் பறித்து வந்து காட்டலாம். காதைக் கழற்றி மாணவனிடம் கொடுக்க முடியுமா? குரு ‘கேட்கிறது’ என்றால் சீடனும் ‘கேட்கிறது’ என்று தலையாட்ட வேண்டியதுதான். கேட்காவிட்டாலும் கேட்டதாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் அவன் செவிடன், அல்லது மந்தபுத்திக்காரன். இதய நோயை அறியும் கலை நெடுங்காலம் இந்த முட்டுச்சந்திலேதான் நின்றது. அதிலிருந்து அதனை வெளியே இழுத்து வந்தவை கருவிகள். மரக்குழலில் தொடங்கி, மின்பொறியில் வளர்ந்து, இன்று மூச்சுவிடும் பொம்மையில் வந்து நிற்கும் அந்த வரலாறு, பாரிசிலும் லண்டனிலும் நடந்ததோடு நம் புதுவைக்கும் உறவுடையது.

கிரேக்க மருத்துவர் காலென் எழுதிவைத்ததை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேதமென ஓதிற்று. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே குருதி கசிகிறது என்றார் காலென். தெரியாத துளையை எவரும் கண்டதில்லை. காணாததை எவரும் மறுத்ததுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு நஃபீஸ் அந்தத் துளைகள் இல்லை என்றார். குருதி நுரையீரல் வழியே சுற்றி வருகிறது என்றார். அவர் குரல் ஐரோப்பாவை எட்டவில்லை. 1628இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி, அறுத்துப் பார்த்தும், கட்டுக் கட்டிப் பார்த்தும், கணக்கிட்டுப் பார்த்தும், குருதி உடலெங்கும் சுற்றியோடுகிறது என்று நிறுவினார். அதே நூலில், இதயம் துடிக்கும்போது மார்பினுள் அந்தத் துடிப்பைக் கேட்க முடியும் என்றும் ஒரு குறிப்பு எழுதினார்.

வெனிஸ் நகரத்து மருத்துவர் பாரிசானஸ் என்பார் சீறி எழுந்தார். லண்டனிலே கேட்கிறதாம்! வெனிசிலே இருக்கும் நாங்களெல்லாம் செவிடர் போலும், எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லையே என்று எள்ளி எழுதினார். நகைத்து ஒதுக்க வேண்டிய செய்தியன்று இது. அந்த நாளில் ஹார்வியால் அவருக்கு என்ன பதில் தந்திருக்க முடியும்? ‘எனக்குக் கேட்டது’ என்பதற்கு மேல் அவரிடம் சான்று இல்லை. ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பதற்கு மேல் இவரிடமும் வழக்கு இல்லை. இருவர் ஒரே ஓசையை ஒரே நேரத்தில் கேட்க வழியில்லாதவரை, உண்மை எவர் பக்கம் என்பதைப் புகழும் பதவியுமே தீர்மானிக்கும்.

நம் நாட்டு நிலையும் இதுவே. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் என மூன்றையும் பிரித்தறிந்தோம் என்றனர் நாடி பார்த்தோர். நாடியின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் விரலுக்குத் தெரியும் என்பதை இன்றைய மருத்துவமும் மறுக்கவில்லை. இன்றும் மருத்துவர் முதலில் பிடிப்பது மணிக்கட்டைத்தான். ஆனால் அந்த விரல் உணர்ந்தது சரியா என்று சோதிக்க இன்னொரு விரலுக்கு இடம் தந்தார்களா? ஏட்டுச்சுவடியைப் பூட்டி வைத்தார்கள். தந்தை மகனுக்குச் சொன்னார். மகன் பேரனுக்குச் சொன்னார். நோயின் காரணத்தை நாடி ஆராய வேண்டும் என்று குறளின் ‘மருந்து’ அதிகாரம் அழகாக வகுத்துத் தந்த நாட்டில், ஆராய்ச்சி குடும்பச் சொத்தாகிக் குறுகிற்று.

பூட்டை உடைக்கும் வேலையை ஐரோப்பாவில் ஒரு விடுதிக்காரர் மகன் தொடங்கினார். ஆஸ்திரிய நாட்டு ஆவன்புரூகர், மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். தந்தையின் விடுதியில் மதுப் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்துக் கற்ற பாடம் என்பர். சந்தையில் பானை வாங்கும் நம் தாய்மார் ஒவ்வொருவரும் செய்கிற சோதனைதான். விரிசல் கண்ட பானையின் குரல் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். பெரும் பேராசிரியர்கள் ஆவன்புரூகரைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 1808இல், நெப்போலியனின் மருத்துவர் கொர்விசார் அந்த நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கொர்விசாரின் மாணவர் ரெனே லேனெக்.

1816. பாரிசின் நெக்கேர் மருத்துவமனை. இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் லேனெக்கிடம் வந்தாள். பருத்த உடல், தட்டிப் பார்த்துப் பயனில்லை. மார்பில் காது வைத்துக் கேட்கலாம். பெண்ணின் வயதும் நாணமும் குறுக்கே நின்றன. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. காகிதத்தை இறுகச் சுருட்டினார். ஒரு முனையைப் பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தைக் கடைந்து குழல் செய்தார். தாமே கடைசல் பிடித்தார். 1819இல் நூல் வெளிவந்தது. நூல் வாங்கியவர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் குழலும் வாங்கலாம்! இந்தச் சிறு செய்தியை நான் பெரிதாக மதிக்கிறேன். ‘நான் கேட்டேன், நம்பு’ என்று அவர் நூலை எழுதவில்லை. ‘இதோ குழல், நீயே கேட்டுப் பார்’ என்றார்.

கேட்டார்கள். கேட்டதனால் அவர் பிழையையும் கண்டுபிடித்தார்கள். இதயம் ‘லப்’ என்றும் ‘டப்’ என்றும் இரண்டு ஓசை எழுப்புகிறது. முதல் ஓசை கீழறைகள் சுருங்குவதனால், இரண்டாவது மேலறைகள் சுருங்குவதனால் என்று எழுதினார் லேனெக். தவறு! 1832இல் பாரிசிலேயே, ருவானே என்ற மாணவர் தம் பட்ட ஆய்வேட்டில், வால்வுகள் மூடிக்கொள்ளும் ஓசைதான் அவை என்றார். இன்று பாடநூல் சொல்வது அடிப்படையில் அதைத்தான். கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது மேலே உள்ள இரு கதவுகள் சாத்திக்கொள்வது ‘லப்’. குருதி வெளியேறியபின் பெருங்குழாய்களின் வாயிற்கதவுகள் சாத்திக்கொள்வது ‘டப்’. கண்டுபிடித்தவர் சொல்லை, அவர் மறைந்து ஆறே ஆண்டில், மாணவர் ஒருவர் மறுக்கிறார். மறுத்ததற்காக எவரும் அவரைக் குருத்துரோகி என்று கழுவேற்றவில்லை.

குழல் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கேட்ட ஓசைக்குப் பொருள் என்ன? லேனெக் உயிரோடிருந்தவரின் மார்பில் கேட்டதைக் குறித்துக்கொண்டார். அவர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்து, எந்தக் கோளாறுக்கு எந்த ஓசை என்று ஒப்பிட்டார். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றிருந்த நாட்டில் இந்தக் கலை எப்படி வளரும்? 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற பண்டிதர் கத்தியை எடுத்துப் பிணத்தை அறுத்தது நாடே பேசும் புரட்சிச் செயலாயிற்று. பாரிசில் அறுவை மேசைக்கு வந்த உடல்களும் பெரும்பாலும் ஏழைகளுடையவைதாம் என்பதையும் மறைப்பதற்கில்லை. நெஞ்சின் மொழிக்கு அகராதி எழுதப்பட்டது, பெயர் தெரியாத ஏழைகளின் நெஞ்சைத் திறந்துதான்.

லேனெக்கின் நூல் வெளிவந்து நான்கே ஆண்டில், 1823இல், பிரெஞ்சு அரசு புதுவையில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவிற்று. எக்கோல் த மெட்சின் என்று பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்கமான 1835க்கும் முந்தியது இது. இன்று சட்டமன்றமும் பொது மருத்துவமனையும் பாரதி பூங்காவைச் சுற்றி நிற்கின்றனவே, அந்த வட்டாரத்தில்தான் பள்ளி நடந்தது. தேர்ந்தவருக்கு ‘மெட்சென் லொக்கால்’, அதாவது உள்ளூர் மருத்துவர் என்று பட்டம். பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிகளில் தொழில் நடத்தலாம். பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! நோய்க்கு உள்ளூர், வெளியூர் உண்டா? இதய வால்வு பாரிசில் ஒரு விதமாகவும் முத்தியால்பேட்டையில் ஒரு விதமாகவும் சாத்திக்கொள்ளுமா? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய நாடு, கடற்கரைப் பக்கம் வெள்ளையர் நகரம், வாய்க்காலுக்கு இப்பால் கறுப்பர் நகரம் என்று ஊரைப் பிளந்தே வைத்திருந்தது. அறிவு கப்பலேறி வந்தது. சமத்துவம் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது.

1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான இணைப்பு 1962இல் முடிந்தது. இடையில் 1956இல் புதிய மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினர். அதற்குச் சூட்டிய பெயர் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி! பாற்கடலைக் கடைந்தபோது அமுதக் கலசத்தோடு எழுந்து வந்தாராம் தன்வந்திரி, புராணம் சொல்கிறது. மரத்தைக் கடைந்து குழல் எடுத்தவரின் கலையைக் கற்பிக்கும் கூடத்திற்குக் கடலைக் கடைந்து வந்தவர் பெயர். 1964 சூலை 13இல் கல்லூரி திண்டிவனம் சாலையில் கோரிமேட்டில் புதிய வளாகத்திற்கு மாறியபோது, ஜவகர்லால் பெயர் பெற்றது. குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுவே ஜிப்மர். 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. ஆனாலும் அஞ்சல் முகவரியில் தன்வந்திரி இன்னும் குடியிருக்கிறார். அந்தப் பகுதிக்குப் பெயர் தன்வந்திரி நகர். போகட்டும், வாடகை கேட்கவில்லை.

பள்ளிகள் வந்தன, குழல் வந்தது. ஒற்றைக் குழல் இரட்டைக் குழலாகி, 1852 அளவில் இரு காதிலும் மாட்டும் ஸ்டெதாஸ்கோப் ஆயிற்று. ஆயினும் பழைய முட்டுச்சந்து முழுவதும் திறக்கவில்லை. ஒரு மார்பு, ஒரு குழல், ஒருவர் காது. பொதுப் பிரிவில் ஒரு நோயாளி படுத்திருக்கிறார். பேராசிரியர் கேட்கிறார், ‘முணுமுணுப்பு இருக்கிறது, பார்’ என்று நகர்கிறார். இருபது மாணவர் வரிசையாக வந்து அந்தச் சில்லிட்ட வட்டை ஒருவர் பின் ஒருவராக அதே மார்பில் அழுத்துகின்றனர். மூச்சு வாங்கும் அந்த ஏழை மறுத்துப் பேசுவாரா? காசில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொள்வதற்கு அவர் தரும் விலை அது. பணக்காரர் படுத்திருக்கும் தனியறையில் இருபது பேர் நுழைவதில்லை. இவ்வளவு துன்பம் கொடுத்தும் மாணவர் கற்றார்களா? பேராசிரியர் கேட்ட ஓசையும் மாணவன் கேட்ட ஓசையும் ஒன்றுதானா? கேட்டுச் சொல்ல மூன்றாவது காது இல்லை.

இது ஏதோ கல்லூரிக்குள் நடக்கும் சிறு தகராறு என்று எண்ணிவிடக் கூடாது. உயிர் தொங்கும் செய்தி இது. ருமாட்டிக் காய்ச்சல் என்ற நோய் உண்டு. நெருக்கடியான வீடுகளில், சிறு பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண்ணாக வந்து, மூட்டு வீக்கமாகக் காட்டி, இதய வால்வைக் கடித்துவிட்டுப் போகும் நோய். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கிவிடும். மேலை நாடுகளில் நடுவயதில் முற்றும் இந்தக் கோளாறு, நம் நாட்டில் இருபது வயதுக்குள்ளேயே கடுமையாகிவிடுகிறது என்று டில்லி மருத்துவர்கள் ராய் முதலியோர் 1963இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். அதன் ஓசை எது தெரியுமா? ‘டப்’புக்குப் பின்னே, தொலைவில் வண்டி உருளுவது போன்ற தாழ்ந்த உறுமல். நோயாளியை இடப்புறம் ஒருக்களிக்கச் செய்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணிவடிவ முனையை அழுத்தாமல் வைத்தால்தான் சிக்கும். பழகாத காது தவறவிட்டுவிடும். தவறவிட்ட பெண் திருமணமாகிக் கருவுறுகிறாள். உடலின் குருதி அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சுருங்கிய வாயில் தாங்காது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறுகிறது. ஊரார் பேய் என்பர், கண்ணேறு என்பர். சிறு வயதில் ஒரு செவிலியோ மருத்துவரோ அந்த உறுமலைக் கேட்டிருந்தால், மூன்று வாரத்திற்கொரு பெனிசிலின் ஊசியே நோய் மேலும் முற்றாமல் காத்திருக்கும்.

ஆகவே, அந்த ஓசையைப் பலர் காதுக்கும் பொதுவாக்க வேண்டும். முதலில் துடிப்பைத் தாளில் இறக்கினார் ஆலந்து நாட்டு ஐந்தோவன். அவர் செய்த ஈ.சி.ஜி. பொறி இரண்டு அறைகளை அடைத்தது. ஐந்து பேர் இயக்க வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தப் பூதத்தை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாதென்று, 1905இல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளியின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்துவிட்டார். 1924இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் தந்த கோடுகளைப் பேராசிரியரும் பார்க்கலாம், மாணவரும் பார்க்கலாம். விரல்விட்டு எண்ணி வழக்காடலாம்.

கோடு இதயத்தின் மின்னோட்டத்தைச் சொல்லும். வால்வின் முணுமுணுப்பைச் சொல்லாது. அதற்கும் வழி பிறந்தது. அதே 1924இல் அமெரிக்காவில் கேம்பிள், ரெப்லோகல் என்ற இருவர், ஒரு மார்பின் ஓசையை மின்னால் பெருக்கி, ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் கேட்கும்படி பல செவிக்கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் பொறியைக் கற்பித்தலுக்கென்றே அமைத்தனர். வெனிசின் பாரிசானசுக்கு 300 ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் இதுதான் என்பேன். பின்னர் கெக்லர் என்ற பிலடெல்பிய மருத்துவர் இதய ஓசைகளைக் கிராமபோன் இசைத்தட்டில் பதித்து வெளியிட்டார். திரைப்பட வசனத்தை இசைத்தட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு, மூச்சு விடாமல் ஒப்பித்த தலைமுறை நம்முடையது. திரும்பத் திரும்பக் கேட்டால் காது படிந்துவிடும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பிராக்டர் ஹார்வி என்ற பேராசிரியர், அவையில் இருந்த ஒவ்வொருவர் காதிலும் கருவி மாட்டி, மேடையில் இருக்கும் நோயாளியின் ஓசையை அனைவருக்கும் கேட்கச் செய்து பாடம் நடத்தினார்.

இந்த இடத்தில், காதே கேளாத ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹெலன் டாசிக் என்ற அமெரிக்கப் பெண்மணி குழந்தைகளின் இதய நோயை ஆராய்ந்தவர். இளம் வயதிலேயே கேட்கும் ஆற்றல் குன்றிற்று. விட்டுவிட்டாரா? குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்து முணுமுணுப்பின் அதிர்வை விரலால் படித்தார். குருதியில் உயிர்வளி குறைந்து நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று எண்ணிச் சொன்னவர் அவர். 1944 நவம்பர் 29இல் அறுவை செய்தவர் பிளாலக். அந்த அறுவையை நாய்களில் செய்து செய்து முறையை வகுத்து, அன்று பிளாலக்கின் தோளுக்குப் பின்னே நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பர். மருத்துவப் படிப்புக்குப் போகப் பணமில்லாத தச்சர் மகன். முன்பு வேலை பார்த்த வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஊதியப் பட்டியல் அவரைத் துப்புரவுப் பணியாளர் என்றே எழுதிற்று. அறுவை மருத்துவர் பலருக்கு ஆசானாக இருந்த அவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது 1976இல்! டாசிக்கிடம் பயின்றவர்களில் ஒருவர் பத்மாவதி. பர்மாவில் பிறந்து, 1942 போரில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்து, பின் 1954இல் டில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் இதய நோய்ப் பிரிவைத் தொடங்கியவர். நாட்டின் முதல் பெண் இதய மருத்துவர். 2020இல், 103ஆம் வயதில் மறைந்தார். கருவி இல்லாத இடத்திலும் கற்பிக்க முடியும் என்பதற்கு டாசிக்கின் கை சான்று. ஆனால் எத்தனை மாணவர் அந்தக் கையருகே நின்று கற்க முடியும்?

1968இல் பொம்மை பிறந்தது. மயாமி பல்கலைக்கழகத்து மைக்கேல் கார்டன், ஆள் உயரத்தில் ஒரு செயற்கை உடலை அமைத்து, தம் ஆசான் பிராக்டர் ஹார்வியின் நினைவாக ‘ஹார்வி’ என்றே பெயரிட்டார். திருவிழாக் கடைப் பொம்மை என்று எண்ண வேண்டாம். கழுத்து நாளம் ஏறி இறங்கும்; மணிக்கட்டில் நாடி அடிக்கும்; மார்பு மேலெழும்; நான்கு இடங்களில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நான்கு விதமாகக் கேட்கும். ஒரு விசையைத் திருப்பினால் மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளி. மறுபடி திருப்பினால் வால்வு கசியும் நோயாளி. இருபது பேர் அழுத்தினாலும் அதற்கு வலிக்காது. நள்ளிரவில் கேட்டாலும் முகஞ்சுளிக்காது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு புனலையும் ஒரு ரப்பர்க் குழாயையும் இணைத்து ஸ்டெதாஸ்கோப் செய்து, ஒருவர் மார்பை ஒருவர் கேட்டு ஆரவாரித்தார்கள். நலமான நெஞ்சுகள் எல்லாம், ஒரே ஓசைதான். நோயின் ஓசையை நோயாளி இல்லாமலே கேட்பது பொம்மை தந்த பேறு.

பொம்மை வந்ததும் எல்லாரும் வல்லுநராகிவிட்டனரா? இல்லை. 1997இல் அமெரிக்காவில் மான்ஜோனியும் நீமனும் பயிற்சி மருத்துவர்களுக்கு நோயாளிகளிடமிருந்து பதிவு செய்த 12 இதய ஓசைகளைக் கேட்கச் செய்து சோதித்தனர். அவர்கள் சரியாகச் சொன்னது பத்தில் இரண்டுதான்! எதிரொலிப் படமும் பிற பொறிகளும் வந்தபின், காதைத் தீட்டுவது எதற்கு என்று இருந்துவிட்டனர். 2004இல் பாரெட் என்பாரும் துணைவரும் ஒரு வழி காட்டினர். ஒவ்வொரு முணுமுணுப்பையும் ஒலிப்பதிவில் 500 முறை கேட்கச் சொன்னார்கள். மாணவர் தேர்ச்சி பன்மடங்கு உயர்ந்தது. மிருதங்கம் பழகுகிறவனும் தட்டச்சுப் பழகுகிறவனும் அறிந்த உண்மைதான் இது. 500 முறை கேட்பதற்கு எந்த நோயாளி மார்பைத் தருவார்? ஒலிப்பதிவுதான் தரும். இன்று அதே ஓசைகள் கைபேசியிலும் செவிக்கருவியிலும் வருகின்றன. பேருந்தில் வீடு திரும்பும் செவிலியர் கல்லூரி மாணவி வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போகலாம்.

இந்தியாவில் 2019இல் தொடங்கிய புதிய மருத்துவப் பாடத்திட்டத்தோடு, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. ‘பொம்மையிடம் படித்தவன் மனிதனை எப்படித் தொடுவான்?’ என்று மூத்தோர் சிலர் கேட்கின்றனர். அந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பொம்மைக்கு வியர்ப்பதில்லை, அஞ்சுவதில்லை, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கணவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணிடம் பேசி, அச்சம் போக்கி, ஒருக்களிக்கச் சொல்லி, அந்தத் தாழ்ந்த உறுமலைத் தேடிப் பிடிப்பது மனிதரிடம் மட்டுமே கற்கக் கூடியது. கூடத்தில் பொம்மையை வாங்கிவைத்துப் பூட்டிவிட்டு, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் துடைத்து வைத்தால் அதுவும் ஓர் உற்சவ மூர்த்திதான். ஆனால் மறுபாதி? முதல் நூறு பிழைகளை ஏழையின் மார்பிலே செய்து பழகியதுதானே பழைய முறை? பிழைகளைப் பொம்மையிடம் செய்துவிட்டு வரட்டும் என்பேன்.

இன்னொரு பயனைப் பற்றி எவரும் உரக்கப் பேசுவதில்லை. மருத்துவத் தேர்வில் செய்முறையும் வாய்மொழியும் உண்டு. பழைய முறையில் ஒருவனுக்கு எளிய நோயாளி வாய்ப்பார். இன்னொருவனுக்குக் கடினமானவர் வாய்ப்பார். முணுமுணுப்பு உண்டா இல்லையா என்பதில் தேர்வாளர் சொல்லே இறுதி. ‘உன் ஊர் எது? தகப்பனார் பெயர் என்ன?’ என்று தொடங்கும் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது நம்மவர்க்குத் தெரியும். டில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தில் பட்டியல் இன மாணவர் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுவதாக அந்த மாணவர் பலர் சொன்னதை 2007இல் பதிவு செய்தது. எழுத்துத் தேர்வில் மறைந்திருக்கும் பெயர், நேரே நிற்கும்போது மறைவதில்லை.

1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்பார் வேறொரு தேர்வு முறையை வெளியிட்டார். அறை நெடுகப் பல நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பணி. மணி அடித்தால் அடுத்த நிலையம். எல்லா மாணவருக்கும் அதே பணி, அதே நேரம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல் தேர்வுக்கு முன்பே எழுதப்பட்டுவிடும். இந்த முறை இந்தியக் கல்லூரிகளுக்கும் வந்திருக்கிறது. அத்தகைய நிலையம் ஒன்றில் பொம்மையைக் கிடத்தி விசையைத் திருப்பி வைத்தால், முதலில் வருபவரும் நாற்பதாவதாக வருபவரும் கேட்பது ஒரே மைட்ரல் உறுமல். இடப்புறம் காது கொடுத்தாரா, மணிமுனையை எடுத்தாரா, ‘டப்’புக்குப் பின் என்று சொன்னாரா என்று தேர்வாளர் கட்டங்களில் குறியிட வேண்டும், ஐயம் எழுந்தால் இன்னொரு தேர்வாளர் வந்து அதே ஓசையைக் கேட்டுப் பார்க்கலாம்.